டயாலிசிஸ் இலவசம்தான், ஆனாலும் குடும்பம் கடனாகிறது

"அரசு ஆஸ்பத்திரியில டயாலிசிஸ் இலவசம். காப்பீட்டு அட்டையும் இருக்கு. அப்புறம் எதுக்கு வட்டிக்கு வாங்குறாங்க?" சிறுநீரகம் செயலிழந்த ஒருவர் இருக்கும் குடும்பத்தைப் பற்றிச் சொந்தக்காரர்கள் பேசிக்கொள்ளும்போது இந்தக் கேள்வி வராமல் இருக்காது. கெட்ட எண்ணத்தில் கேட்பதில்லை, கணக்கு தெரியாமல் கேட்பதுதான். அதனால் முதலில் கணக்கைப் போட்டுவிடுவோம்.

நகரத்திலிருந்து முப்பது கிலோமீட்டர் தள்ளி ஒரு கிராமம். வாரம் மூன்று தடவை, தடவைக்கு நாலு மணி நேரம் டயாலிசிஸ், அதாவது சிறுநீரகத்துக்குப் பதிலாக மெஷின் ரத்தத்தைச் சுத்தம் செய்வது. மாதத்துக்குப் பதின்மூன்று தடவை வரும். நோயாளிக்கும் கூடப் போகிறவருக்கும் பஸ் போகவர 150 ரூபாய். காலை டிபன், டீ, மதியச் சாப்பாடு 150. டயாலிசிஸ் முடிந்து வரும்போது தலை சுற்றும், கால் பின்னும். பஸ் நிறுத்தத்திலிருந்து வீட்டுக்கு நடக்க முடியாது, ஆட்டோ 200. ஆக ஒரு நாளைக்கு 500, மாதத்துக்கு 6,500. கூடப் போகிறவர் எழுநூறு ரூபாய் கூலிக்குப் போகிறவர் என்றால் பதின்மூன்று நாள் கூலி 9,100 போச்சு. சிகிச்சைக்கு ஒரு பைசா கொடுக்காமலே மாதம் 15,600 ரூபாய் காணாமல் போகிறது. நோயாளி சம்பாதித்துக்கொண்டிருந்த பணத்தை இதில் சேர்க்கவே இல்லை. வெளியில் வாங்கி வரச் சொல்லும் ஊசி, ரத்தப் பரிசோதனை எதையும் சேர்க்கவில்லை.

இந்தச் செலவு ஒரே அடியாக வருவதில்லை, வருடக்கணக்கில் வாரா வாரம் கசிகிறது. ஆனால் நம் ஊரில் உதவி வருவது ஒரே அடியாகத்தான். முதல் மாதம் தெருவே திரண்டு வந்து கவர் கொடுக்கும். ஆறாவது மாதம் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை, செலவு மட்டும் முதல் மாதம் இருந்தபடியே இருக்கும். பத்தாயிரத்தை மொத்தமாகக் கொடுப்பதைவிட, மாதம் ஐநூறு என்று இரண்டு வருடம் கொடுப்பதுதான் அந்த வீட்டுக்குத் தாங்கலாக இருக்கும். அதைவிட மேல், ஒரு கிழமையைப் பொறுப்பேற்றுக்கொள்வது.

"ஏதாவது வேணும்னா சொல்லுங்க" என்றால் யாரும் சொல்ல மாட்டார்கள். கேட்டு வாங்கக் கூச்சம். "அக்கா, வியாழக்கிழமை மாமாவை நான் கூட்டிட்டுப் போறேன், நீங்க வேலைக்குப் போங்க" என்று சொல்லிப் பாருங்கள். டயாலிசிஸ் பிரிவில் திங்கள்-புதன்-வெள்ளி அல்லது செவ்வாய்-வியாழன்-சனி என்று நிரந்தரமாக ஒரு முறையும் நேரமும் ஒதுக்கிவிடுவார்கள். நாள் முன்கூட்டியே தெரியும் என்பதால் பங்கு போட்டுக்கொள்வது எளிது. வாரம் ஒரு நாள் நீங்கள் எடுத்துக்கொண்டால், பணமே கொடுக்காமல் மாதம் மூவாயிரம் ரூபாய்க் கூலியை அந்த வீட்டுக்குத் திருப்பிக் கொடுத்த மாதிரி.

கூடப் போகிறவருக்குச் சில விஷயங்கள் தெரிந்திருக்க வேண்டும். உள்ளே போகுமுன் எடை பார்ப்பார்கள், முடிந்த பிறகும் பார்ப்பார்கள். இரண்டையும் ஒரு நோட்டில் குறித்துக்கொள்ளுங்கள். உடம்பில் தேங்கிய தண்ணீர் எல்லாம் போனபின் இருக்க வேண்டிய எடையை 'டிரை வெயிட்' என்பார்கள். இரண்டு டயாலிசிஸுக்கு நடுவில் இரண்டு, இரண்டரை கிலோவுக்கு மேல் ஏறினால், அத்தனை தண்ணீரையும் நாலு மணி நேரத்தில் எடுக்கும்போது பிரஷர் இறங்கும், கெண்டைக்கால் பிடித்து இழுக்கும். முடிந்ததும் ஊசி எடுத்த இடத்தை பஞ்சு வைத்து விரலால் பத்துப் பதினைந்து நிமிடம் அழுத்திப் பிடிக்க வேண்டும். ரத்தம் நின்றுவிட்டதா என்று நடுநடுவே தூக்கிப் பார்க்கக் கூடாது, பார்த்தால் மறுபடி முதலிலிருந்து அழுத்த வேண்டியதுதான். அரை மணி நேரமாவது உட்கார வைத்துவிட்டுக் கிளம்புங்கள். பையில் நாலு பஞ்சுத் துண்டு, ஒரு பிளாஸ்டர் ரோல் எப்போதும் இருக்கட்டும். பஸ்ஸில் வரும்போது ரத்தம் கசிந்தால் துண்டைச் சுற்றிக் கட்டுவதில் பயன் இல்லை. துளை இருக்கும் இடத்தின் மேலேயே விரலை வைத்து அழுத்தி, கையை உயர்த்திப் பிடியுங்கள். நிற்கவில்லை என்றால் அழுத்தின கையை எடுக்காமல் பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள்.

காசில்லாமல் ஒரு டயாலிசிஸை விட்டுவிடுவதுதான் எல்லாவற்றிலும் மோசமானது. வெள்ளிக்கிழமை பஸ்ஸுக்குக் காசில்லை, திங்கள் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்துவிடுவார்கள். சாதாரணமாகவே சனி, ஞாயிறு இடைவெளி நீளமானது. ஒன்றைத் தவறவிட்டால் புதன்கிழமைக்குப் பிறகு ஐந்து நாள் ஆகிவிடும். ஞாயிறு ராத்திரி நுரையீரலில் தண்ணீர் கோத்து, படுக்க முடியாமல் மூச்சு வாங்கும். பக்கத்தில் இருக்கும் தனியார் ஆஸ்பத்திரியில் ஐ.சி.யூ.வில் சேர்ப்பார்கள். ஐநூறு ரூபாய் இல்லாததால் ஐம்பதாயிரம் கடன். இதற்காகவே ஒரு மூவாயிரம் ரூபாயை நம்பிக்கையான பக்கத்து வீட்டுக்காரரிடம் தனியாகக் கொடுத்து வைக்கலாம். போக்குவரத்துக்கு மட்டும்தான், வேறு எதற்கும் தொடுவதில்லை என்று பேசிக்கொண்டு, எடுக்க எடுக்க நிரப்பி வைக்க வேண்டும்.

அடுத்தது காகிதங்கள். படித்த ஒருவர் முழுப் பொறுப்பெடுத்தால் பெரிய புண்ணியம். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு வருடம் 5 லட்சம் வரை சிகிச்சை. ரேஷன் கார்டு, எல்லாருடைய ஆதார், வி.ஏ.ஓ. விசாரித்து வழங்கும் வருமானச் சான்று ஆகியவற்றோடு மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் இருக்கும் காப்பீட்டுத் திட்ட மையத்தில் பதிய வேண்டும். சந்தேகத்துக்கும் புகாருக்கும் கட்டணமில்லா எண் 1800 425 3993. தடங்கல் பெரும்பாலும் பெயரில்தான் வரும். ஆதாரில் ஒரு எழுத்து, ரேஷன் கார்டில் வேறு எழுத்து. அல்லது நோயாளியின் பெயர் ஊரில் இருக்கும் அண்ணன் கார்டிலேயே கிடக்கும், இவர்கள் கார்டில் இருக்காது. கார்டில் பெயர் இல்லாதவருக்குக் காப்பீடும் இல்லை. இ-சேவை மையத்தில் இதைச் சரிசெய்ய நாள் பிடிக்கும், ஆகவே ரத்தப் பரிசோதனையில் கிரியேட்டினின் (சிறுநீரகம் பழுதானால் ரத்தத்தில் தேங்கும் கழிவு) ஏற ஆரம்பித்த காலத்திலேயே பார்த்துவிடுங்கள். டயாலிசிஸ் வரைக்கும் போகாமலே இருந்தால் நல்லது, போனால் காகிதம் கையில் இருக்கும்.

தனியார் ஆஸ்பத்திரியில் இந்த அட்டையில் சேரும்போது, எது எது திட்டத்துக்குள் வருகிறது, எதற்குத் தனியாகப் பணம் கட்ட வேண்டும் என்று அங்குள்ள காப்பீட்டுப் பிரிவில் முதலிலேயே கேளுங்கள். டயாலிசிஸுக்கு ஒப்புதல், டயாலிசிஸ் ஊசி போடுவதற்காகக் கையில் செய்யும் ஆபரேஷனுக்கு ஒப்புதல், உள்நோயாளியாகச் சேர்வதற்கு ஒப்புதல் எல்லாம் தனித்தனி. திட்டத்துக்குள் வரும் ஒன்றுக்குப் பணம் கேட்டால் ரசீது கேளுங்கள். ரசீது தராமல் கேட்டால் அந்த எண்ணுக்கு அங்கிருந்தே போன் போடுங்கள்.

வேலை பார்த்த இடத்தில் ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர் காப்பீடு) பிடித்திருந்தார்களா என்று கேட்கப் பலருக்குத் தோன்றுவதே இல்லை. பனியன் கம்பெனி, நூற்பாலை, செக்யூரிட்டி வேலை என்றால் பெரும்பாலும் பிடித்திருப்பார்கள். நாள்பட்ட சிறுநீரகச் செயலிழப்பு ஈ.எஸ்.ஐ.யின் நீண்டகால நோய்ப் பட்டியலில் இருக்கிறது. இரண்டு வருடச் சர்வீஸும் தேவையான அளவு சந்தாவும் இருந்தால், சம்பளத்தில் 80 சதவீதம் வரை இரண்டு வருடத்துக்குக் கிடைக்க வழி உண்டு. அதனால் ஆள் படுத்தவுடன் கோபத்திலோ கூச்சத்திலோ ராஜினாமாக் கடிதம் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். மருத்துவ விடுப்பில் இருக்கட்டும். பி.எஃப். கணக்கிலிருந்தும் நோய்க்காக முன்பணம் எடுக்கலாம், திருப்பிக் கட்ட வேண்டியதில்லை. ரயிலில் போகிறவர்களுக்கு டயாலிசிஸ், மாற்று அறுவை சிகிச்சைப் பயணத்துக்கு இரண்டாம் வகுப்பு, ஸ்லீப்பரில் 75 சதவீதச் சலுகை, கூட ஒருவருக்கும் சேர்த்து. டாக்டரின் சான்றோடு ரயில்வே கவுன்டரில் கேட்க வேண்டும். வீட்டுப் பெண்கள் கூடப் போவதாக இருந்தால் கட்டணமில்லாச் சாதாரண டவுன் பஸ் நேரத்தைப் பார்த்து ஸ்லாட் கேட்டு வாங்குங்கள், ஒரு ஆள் செலவு மிச்சம்.

மாற்றுத்திறனாளி உதவித்தொகை கிடைக்கும் என்று சொல்லி அலைய விடுகிறவர்கள் உண்டு. 2016-ம் ஆண்டுச் சட்டத்தின் 21 குறைபாடுகளில் சிறுநீரகச் செயலிழப்பு இல்லை. சர்க்கரையால் கண் பார்வை போயிருந்தாலோ கால் எடுத்திருந்தாலோ அதற்காக விண்ணப்பிக்கலாம். அதில்லாமல் அலைந்து கூலியை விட வேண்டாம்.

பணத்தை மிச்சம் பிடிக்கும் ஒரு ஆபரேஷன் இருக்கிறது. அவசரமாக டயாலிசிஸ் தொடங்கும்போது கழுத்தில் குழாய் போடுவார்கள். அது தற்காலிகம். கையில் தமனியையும் சிரையையும் இணைத்துச் செய்யும் ஃபிஸ்டுலாதான், சனங்கள் 'கை ஆபரேஷன்' என்பது, நீண்ட நாளைக்கு உகந்தது. செய்தபின் அது பெருத்துத் தயாராக ஆறு முதல் எட்டு வாரமாவது ஆகும். "கழுத்துக் குழாய்லயே நல்லாத்தான ஓடுது" என்று மாதக்கணக்கில் தள்ளிப் போடுகிற வீட்டில்தான் குழாய் வழியாகக் கிருமி ஏறி, டயாலிசிஸ் நடுவிலேயே குளிர் நடுக்கமும் காய்ச்சலும் வந்து பத்து நாள் அட்மிஷன் ஆகிறது. கை ஆபரேஷன் ஆன கையில் பிரஷர் பார்க்க விடக் கூடாது, ஊசி போட விடக் கூடாது, தண்ணீர்க் குடம் தூக்கக் கூடாது, அந்தக் கையைத் தலைக்கு வைத்துப் படுக்கக் கூடாது. தொட்டால் பூனை உறுமுகிற மாதிரி அதிர்வு தெரியும். தினமும் காலையில் தொட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அதிர்வு நின்றிருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி, மறுநாளைக்குத் தள்ள வேண்டாம்.

பார்க்கப் போகிறவர்கள் வாங்கிப் போகும் பையைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். இளநீர், சாத்துக்குடி, வாழைப்பழம், ஹார்லிக்ஸ். நோயாளி என்றால் நம் கை இதைத்தான் எடுக்கும். டயாலிசிஸ் நோயாளிக்கு இளநீர் ஆபத்து. அதில் பொட்டாசியம் அதிகம், வெளியேற்றச் சிறுநீரகம் இல்லை, ரத்தத்தில் ஏறினால் இதயம் நின்றுவிடும். கடையில் 'சோடியம் குறைந்த உப்பு' என்று விற்பதில் பொட்டாசியம்தான் இருக்கிறது, அதுவும் கூடாது. ஊறுகாய், அப்பளம், கருவாடு, மிக்சர் எல்லாம் உப்பு. உப்பு தாகத்தைக் கூட்டும், தாகம் தண்ணீரைக் கூட்டும், தண்ணீர் எடையைக் கூட்டும்.

வாங்கிப் போக வேண்டியது ஒரு அட்டை முட்டை. டயாலிசிஸ் தொடங்குமுன் "புரதத்தைக் குறைங்க" என்று டாக்டர் சொல்லியிருப்பார். தொடங்கிய பிறகு நிலைமை தலைகீழ். ஒவ்வொரு தடவையும் புரதம் வெளியே போகிறது, அதனால் உடல் எடையில் கிலோவுக்கு ஒரு கிராமிலிருந்து 1.2 கிராம் வரை தினமும் வேண்டும். பழைய பத்தியத்தையே பிடித்துக்கொண்டு ரசஞ்சோறு மட்டும் கொடுத்து ஆளை எலும்பும் தோலுமாக்கிவிடுகிற வீடுகள் நிறைய. காய்கறியைச் சின்னதாக நறுக்கி, நிறைய தண்ணீரில் ஊறவைத்துக் கொட்டி, பிறகு வேகவைத்து அந்தத் தண்ணீரையும் வடித்தால் பொட்டாசியம் குறையும். தண்ணீர் எவ்வளவு என்றால், முந்தின நாள் போன சிறுநீரின் அளவோடு அரை லிட்டர், டீ, மோர், ரசம் எல்லாம் அதற்குள். காலையில் ஒரு பாட்டிலில் அளந்து வைத்துவிட்டால் சண்டை குறையும். வலி மாத்திரை, நாட்டு மருந்து, "கல்லைக் கரைக்கும் கஷாயம்" எதையும் நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். மிச்சமிருக்கும் கொஞ்சம் சிறுநீரும் அதோடு நின்றுபோகலாம்.

ரத்தம் ஊற எரித்ரோபொய்ட்டின் ஊசி போடுவார்கள். இருப்பு இல்லாதபோது வெளியில் வாங்கச் சொல்வார்கள். விலை கூடியது, 2 முதல் 8 டிகிரி குளிரில் இருக்க வேண்டியது. ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டில் மண்பானைப் பக்கத்தில் வைத்திருப்பார்கள், வெயிலில் வீரியம் போய்விடும், ஊசி போட்டும் ஹீமோகுளோபின் ஏறவில்லை என்று கவலைப்படுவார்கள். உங்கள் ஃபிரிட்ஜில் நடுத் தட்டில் ஒரு சின்ன டப்பாவுக்கு இடம் கொடுங்கள். ஃப்ரீசரில் வேண்டாம், உறைந்தால் கெட்டது. கதவிலும் வேண்டாம், திறந்து திறந்து மூடும்போது சூடேறும். ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போகும்போது ஐஸ் நேராக ஊசியில் படாமல் நடுவில் துணி வையுங்கள். இந்த ஊசி ஒழுங்காகப் போனால் ரத்தம் ஏற்ற வேண்டிய தேவை குறையும். அடிக்கடி ரத்தம் ஏற்றினால் பின்னால் மாற்றுச் சிறுநீரகம் பொருந்துவது சிரமமாகும். ஃபிரிட்ஜில் ஒரு சாண் இடம் அவ்வளவு தூரம் உதவும்.

கடன் விஷயத்துக்கு வருவோம். முதலில் எல்லாக் கடனையும் ஒரே தாளில் எழுத வையுங்கள்: யாரிடம், எவ்வளவு, என்ன வட்டி, எப்போது தவணை. மீட்டர் வட்டி, கந்து வட்டி இருந்தால் அதை முதலில் அடைக்க வேண்டும், அதற்காகக் கூட்டுறவு வங்கியில் நகைக்கடன் வைத்தாலும் பரவாயில்லை. 2003-ல் வந்த கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கிறது, மிரட்டினால் காவல் நிலையத்துக்குக் கூடப் போய் நிற்க ஒரு ஆள் வேண்டும். ஏற்கெனவே அடகில் இருக்கும் நகைக்கு வட்டி மட்டுமாவது கட்டி ஏலத்துக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மகளிர் குழுத் தவணைக்கு, குழுத் தலைவியிடம் முன்கூட்டியே பேசிவிட்டால் வீட்டு வாசலில் வந்து உட்காரும் அவமானம் இருக்காது.

மொய்யும் ஒரு கடன்தான். புதுக்கோட்டை, பேராவூரணிப் பக்கம் மொய் விருந்து வைத்துப் பணம் திரட்டலாம், வட்டி கிடையாது, ஆனால் ஒவ்வொரு ரூபாயும் திரும்பச் செய்ய வேண்டியது. நோய் முடிகிற நோயாக இல்லாதபோது இதை யோசித்துத்தான் செய்ய வேண்டும். மற்ற ஊர்களிலும், செய்ய வேண்டிய மொய்யை நினைத்தே இவர்கள் விசேஷத்துக்கு வராமல் ஒதுங்கிவிடுவார்கள். "நீங்க வந்தா போதும், மொய் அப்புறம் பாத்துக்கலாம்" என்று பெரியவர் ஒருவர் வீட்டுக்கே போய்ச் சொல்லிவிட்டு வர வேண்டும்.

சொல்லச் சங்கடமான இன்னொன்று. நோயாளி பெயரில் இருக்கும் எல்.ஐ.சி. பாலிசி காலாவதியாக விடாதீர்கள். கையில் காசில்லாதபோது முதலில் நிற்பது பிரீமியம்தான், ஆனால் நின்றுபோனால் உயிர்ப்பிக்க உடல்நலச் சான்று கேட்பார்கள், சிறுநீரக நோயாளிக்கு அது கிடைக்காது. வங்கிக் கணக்கில் வருடம் 436 ரூபாய் பிடிக்கும் பிரதமர் ஜீவன் ஜோதி காப்பீடு இருக்கிறதா என்றும் பாருங்கள். இருந்தால் மே மாதக் கடைசியில் அந்தக் கணக்கில் பணம் இருக்க வேண்டும். இரண்டு லட்ச ரூபாய்க் காப்பீடு, 436 ரூபாய் இல்லாமல் விட்டுப்போகக் கூடாது. பிரீமியத்தை நான் கட்டிவிடுகிறேன் என்று ஒரு தம்பியோ மச்சானோ சத்தமில்லாமல் ஏற்றுக்கொண்டால் போதும்.

பிள்ளைகள் படிப்பை அடுத்து பாருங்கள். அப்பாவைக் கூட்டிப் போக ஆளில்லாமல் பத்தாம் வகுப்புப் பையன் வாரம் மூன்று நாள் லீவு போடுவான், அடுத்த வருடம் கடையில் நிற்பான். கிழமை பங்கு போடுவதில் முதல் குறி, அந்தப் பையன் பெயர் பட்டியலில் வராமல் இருப்பதுதான். தனியார் பள்ளிக் கட்டணம் தாங்கவில்லை என்றால் அரசுப் பள்ளிக்கு மாற்றுவதைக் குறையாக நினைக்க வேண்டாம். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்குக் கல்லூரியில் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் ஆயிரம் உண்டு. அப்பா கட்டுமான நல வாரியத்தில் பதிந்திருந்தால் கல்வி உதவித்தொகையும் உண்டு, பதிவைப் புதுப்பிக்காமல் விட்டிருப்பார்கள், பாருங்கள்.

ஆஸ்பத்திரிக்குப் போய்வருவதே பெரும்பாடாக இருக்கும் தூரத்து ஊர் என்றால் வயிற்று வழி டயாலிசிஸ் பற்றி டாக்டரிடம் கேளுங்கள். வயிற்றில் பொருத்திய குழாய் வழியாகப் பழைய திரவத்தை வடித்துப் புதியதை ஏற்றுவது அது, வீட்டிலேயே ஒரு நாளைக்கு மூன்று நாலு முறை, இரண்டு லிட்டர் பை மாற்ற வேண்டும். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பைகளை வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்கள். சுத்தமான ஒரு மூலை, கதவு சாத்த வசதி, சோப்புப் போட்டுக் கை கழுவும் ஒழுக்கம் வேண்டும். வெளியே வரும் தண்ணீர் கலங்கலாக இருந்தால் அந்தப் பையையும் எடுத்துக்கொண்டு உடனே ஓட வேண்டும். தெருவில் ஒரு வீட்டில் காலி அறை இருந்தால் அதை விட்டுக் கொடுப்பதும் பெரிய உதவி.

கடன் முற்றிய வீட்டைத் தரகர்கள் மோப்பம் பிடிப்பார்கள். 2025-ல் நாமக்கல் மாவட்டம் பள்ளிபாளையத்தில் கடனில் மாட்டிய விசைத்தறித் தொழிலாளர்களைக் குறிவைத்து சிறுநீரகம் வாங்கிய விவகாரம் வெளிவந்தது. நோயாளி வீட்டுக்கும் அதே தரகர் வருவார், "அஞ்சு லட்சம் கொடுங்க, ஆள் ரெடி" என்பார். வாங்குவதும் விற்பதும் இரண்டுமே குற்றம், ஐந்து முதல் பத்து வருடம் சிறையும் இருபது லட்சத்துக்குக் குறையாத அபராதமும் சட்டத்தில் இருக்கிறது. அந்த ஆளை வீட்டு வாசல் ஏற விடாதீர்கள். பெற்றோர், பிள்ளைகள், உடன்பிறந்தவர், கணவன் மனைவி, தாத்தா பாட்டி, பேரப்பிள்ளைகள் கொடுக்கலாம். இல்லையென்றால் ஆஸ்பத்திரி மூலம் தமிழ்நாடு உறுப்பு மாற்று ஆணையத்தில் பதிந்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். பதிந்த போன் எண்ணை மாற்றாதீர்கள், ரீசார்ஜ் தீர விடாதீர்கள். அந்த ரீசார்ஜையே ஒருவர் பொறுப்பில் விடலாம். அழைப்பு ராத்திரி இரண்டு மணிக்கும் வரும், அப்போது வண்டி எடுக்க யார் என்பது இப்போதே முடிவாகியிருக்க வேண்டும்.

வீட்டில் ஒருவர் கொடுக்கிறார் என்றால் இரண்டு பேர் படுக்கையில் இருப்பார்கள் என்று கணக்கு வையுங்கள். கொடுத்தவர் கனமான வேலைக்குத் திரும்ப இரண்டு மூன்று மாதம் ஆகும். பெரும்பாலும் அது அம்மாவாகவோ மனைவியாகவோ இருப்பதால், பத்தாவது நாளே அடுப்படியில் நிற்பார். அந்த இரண்டு மாதச் சமையலைத் தெரு பிரித்துக்கொள்ளட்டும். புதுச் சிறுநீரகத்தை உடம்பு ஒதுக்காமல் இருக்க, நோயாளிக்கு டாக்ரோலிமஸ் போன்ற மாத்திரை வாழ்நாள் முழுக்க, பன்னிரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, நேரம் தப்பாமல் போக வேண்டும். ஆபரேஷன் நடந்த அரசு ஆஸ்பத்திரியிலேயே இலவசமாகத் தருவார்கள். மழை, பண்டிகை, பஸ் ஸ்டிரைக் எதுவும் வரலாம் என்பதால் பத்து நாள் மாத்திரை மீதம் இருக்கும்போதே அடுத்ததை வாங்கப் போய்விட வேண்டும். கடையில் வேறு கம்பெனி மாத்திரை கொடுத்தால் டாக்டரைக் கேட்காமல் மாற்றக் கூடாது, ரத்தத்தில் மருந்தளவு பார்த்துத்தான் மாற்ற வேண்டும்.